சாமானும் சனமும் சேர்ந்து போன வண்டி

தென்னிந்திய ரயில்வேயின் பழைய கால அட்டவணைப் புத்தகங்களில், மெயில் வண்டிகளும் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் முன்பக்கங்களில் கம்பீரமாக வீற்றிருக்க, கடைசிப் பக்கங்களில் கிளைப்பாதைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட குறுகலான பத்திகளின் தலையில் 'மிக்ஸட்' என்ற ஒரு சொல் பொடி எழுத்தில் காணப்படும். பிரயாணிகளையும் சரக்கையும் ஒரே எஞ்சினின் பின்னால் கோத்து, நின்று நிதானித்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏற்ற வேண்டியதை ஏற்றி இறக்க வேண்டியதை இறக்கிப் போன வண்டிக்கு அது பெயர். அவசரக்காரர்கள் அதைத் தவிர்த்தார்கள். கோர்ட்டுக்கும் கலியாண முகூர்த்தத்துக்கும் போகிறவர்கள் அதை நம்பத் துணியவில்லை. ஆனால் காவிரி பாயும் தஞ்சை ஜில்லாவின் கீழ்ப்பகுதியிலே, மழைக்காலத்தில் மாட்டுவண்டியும் சேற்றில் புதைந்து போகிற ஊர்களிலே, உலகத்தோடு உண்டான தொடர்பு முழுவதையும் ஏறக்குறைய அறுபது எழுபது ஆண்டு காலம் தாங்கி நின்றது அந்தச் சாவகாசமான வண்டிதான்.

அதன் அமைப்பே தனி. எஞ்சினை அடுத்துப் பெரும்பாலும் நாலு சக்கரக் கூட்ஸ் பெட்டிகள் வரும். அவற்றுக்குப் பின்னால் மரப் பலகை ஆசனங்கள் போட்ட இரண்டு மூன்று பிரயாணிப் பெட்டிகள். கடைசியில் கார்டின் பெட்டி. சரக்குப் பெட்டிகள் எஞ்சினை ஒட்டி இருந்தால்தான், பிரயாணிகளைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு, வேண்டிய பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போய்ச் சைடிங்கில் தள்ளிவிட்டு வர முடியும். இந்த ஷண்டிங் நடக்கிற இருபது நிமிஷமோ அரை மணியோ பிரயாணிகளுக்குச் சொந்தமான நேரம். அனுபவசாலிகள் கீழே இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார்கள். குழந்தைகள் பம்படிக்கு ஓடும். நாற்றங்கால், நெல் விலை, சம்பந்தம், பாகப் பிரிவினை என்று சம்பாஷணை எல்லாத் திசைகளிலும் படர்ந்து, எஞ்சின் திரும்பி வந்து பெட்டியில் மோதுகிற சத்தம் கேட்டதும் பாதி வாக்கியத்தில் நிற்கும். மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கு இரு பக்கத் தாங்கிகள் கிடையாது. நடுவில் ஒரே ஒரு தாங்கி, அதன்மேல் கவிழ்ந்து விழுகிற ஓர் இரும்புக் கொக்கி. பாயிண்ட்ஸ்மேன் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே குனிந்து நின்று, எஞ்சின் அங்குலம் அங்குலமாக நெருங்கி வருகையில் கையை அசைத்துக்கொண்டேயிருந்து, தாங்கிகள் தொட்ட மாத்திரத்தில் கொக்கியைக் கவிழ்த்து, வாக்குவம் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டிவிட்டு வெளியே வருகிற வரையில், வேடிக்கை பார்க்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொரு காட்சியும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் நீல்ஸ் டோக்கன் இயந்திரம் என்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அடுத்த ஸ்டேஷனோடு மணியடித்துப் பேசி, அங்கிருந்து சம்மதம் வந்த பிறகு கைப்பிடியைத் திருப்பினால், உள்ளேயிருந்து ஓர் எஃகு உருண்டை 'கடகட'வென்று உருண்டு வந்து கீழேயுள்ள கிண்ணத்தில் விழும். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிதான அந்த உருண்டையிலே எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரையில் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, எஞ்சினில் நிற்கிற ஃபயர்மேன் தோளில் மாட்டிக்கொள்ளும்படி தூக்கிக் கொடுப்பார்கள். ஓர் உருண்டை வெளியே இருக்கும் வரையில் அந்தப் பகுதிக்கு மற்றோர் உருண்டை வராது; உருண்டை இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்து மோதாமல் ஜனங்களின் உயிரைக் காப்பாற்றி வந்தது இந்தச் சிறு உருண்டையின் தர்மம்தான் என்பதை அறிந்த பிறகு, அதைக் கையில் ஏந்திப் போகிற போர்ட்டரிடம் எனக்கு உண்டான மரியாதை சொல்லி முடியாது.

இந்தப் பாதைகள் எவ்வாறு ஏற்பட்டன என்பதை இன்றைக்கு நினைவில் வைத்திருப்பவர் குறைவு. 1861-ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அது சீமைக் கம்பெனியின் மூலதனத்தில் போடப்பட்டது. ஆனால் மாயவரத்திலிருந்து தெற்கே திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையில் 54 மைல் நீளத்துக்கு 1894-ல் திறக்கப்பட்ட பாதை வேறு விதமானது. தஞ்சாவூர் ஜில்லா போர்டார், நிலத்தின்மீது ரயில்வே ஸெஸ் என்று ஒரு வரியை விதித்து, குடியானவர்களிடமும் மிராசுதாரர்களிடமும் வசூலித்த பணத்தைக் கொண்டு தங்கள் சொந்தப் பாதையாக அதைப் போட்டார்கள். வண்டி ஓட்டுகிற பொறுப்பு மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியைச் சேர்ந்தது. இந்தியாவிலே ஒரு ஜில்லா போர்டு துணிந்து செய்த இத்தகைய காரியங்களுக்கு இது முன்னோடி. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அது பட்டுக்கோட்டையைத் தாண்டி அறந்தாங்கி வரையில் நீண்டது. ஒரு வேலி நிலம் உழுதவனும் ஒரு மா நிலம் உழுதவனும் தத்தம் சக்திக்கேற்ப வரி கொடுத்து இட்ட தண்டவாளம் அது என்பதை இந்தக் கட்டுரை முழுவதும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் பின்னாளில் இந்தக் கிளைகளைப் பற்றி 'நஷ்டம்' என்ற தீர்ப்பை எழுதியவர்கள் இந்த ஒரு விஷயத்தை அடியோடு மறந்துவிட்டார்கள்.

இந்தத் தாய்ப்பாதைகளிலிருந்து கிளைகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898-ல் ரயில் வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால், 23 கிலோமீட்டர் பிரயாணத்துக்குள்ளே ஒரு தேசத்தின் எல்லையைக் கடந்து, சுங்கச் சோதனைக்கு மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 14 கிலோமீட்டரில் ஒரு சிறு கிளை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்கும் அப்பால் அகஸ்தியம்பள்ளிக்கும் ஒரு கிளை; அது பிறகு கோடிக்கரை வரையிலும் போயிற்று. இந்தக் கடைசிக் கிளையின் முக்கியச் சரக்கு உப்பு. அகஸ்தியம்பள்ளியிலே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் அளங்களிலிருந்து மூட்டை மூட்டையாக உப்பு வண்டியேறி, நாடெங்கும் அடுப்படி வரையில் போய்ச் சேர்ந்தது. 1930-ல் ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து நூறு தொண்டர்களோடு புறப்பட்டு வேதாரண்யத்துக்கு வந்து உப்பெடுத்தாரே, அவர் வந்த திசையிலே இந்த ரயில் பாதை இருக்கத்தான் இருந்தது. ஆயினும் ஊர் ஊராக ஜனங்களைக் கண்டு பேச வேண்டிய யாத்திரையாகையால் அவர்கள் நடந்தே வந்தார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிரியமானது மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குப் போன கிளை. 1926-ல் திறக்கப்பட்டு, 30 கிலோமீட்டர் மட்டுமே நீண்டு, கடலைக் கண்டதும் நின்றுவிட்ட பாதை அது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று அதன் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு சிறு சரித்திரப் பாடம் நடத்திய மாதிரி ஆகும். திருக்கடையூர், காலனைக் காலால் உதைத்த ஈசனும் அபிராமியும் குடிகொண்ட ஸ்தலம். அறுபதாவது வயதில் சஷ்டியப்தபூர்த்தியும் எண்பதைக் கடந்து சதாபிஷேகமும் அங்கே செய்துகொள்வதற்காக, வெளியூர்ப் புத்திரர்களும் மாப்பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும் பாத்திர பண்டங்களோடு இந்த வண்டியில்தான் வந்து இறங்குவார்கள். கிழத் தம்பதிகளை நடுவில் உட்காரவைத்து, சீர்வரிசைத் தட்டுகளை மடிமேல் வைத்துக்கொண்டு, ஒரு குடும்பம் முழுவதும் ஒரு பெட்டியை ஆக்கிரமித்துக்கொண்டு போகிற காட்சி எந்த மாதத்திலும் காணக் கிடைத்தது. அடுத்தது தில்லையாடி. தென்னாப்பிரிக்காவிலே காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, விடுதலையானவுடன் 1914-ல் பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மையின் முன்னோர்கள் ஊர். பாதையின் கடைசியில் தரங்கம்பாடி. டென்மார்க் தேசத்தார் கோட்டை கட்டி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டு, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் தமிழ் அச்செழுத்துக்களைக் கொண்டு வேத புத்தகம் அச்சிட்ட ஊர்.

சரித்திரத்தை ஏற்றிச் செல்வதற்காக ஏற்பட்ட வண்டியல்ல அது. விடியற்காலையில் தரங்கம்பாடியிலிருந்து புறப்படும்போது, கடைசிப் பெட்டி முழுவதும் கருவாட்டுக் கூடைகளும் ஈரம் சொட்டும் மீன் கூடைகளும் நிறைந்திருக்கும். கூடைக்காரப் பெண்கள் கதவருகே வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஆக்கூரிலும் செம்பனார்கோயிலிலும் வாழை இலைக் கட்டும் தயிர்ப் பானையும் ஏறும். 1955-ல் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி ஏற்பட்ட பிறகு, சீஸன் டிக்கெட் மாணவர்கள் அதே வண்டியில் புத்தகத்தோடு வந்தார்கள். மீன் கூடையின் வாடையைச் சகித்துக்கொண்டு பொருளாதாரம் படித்து முன்னுக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்தில் அநேகர். அறுவடை முடிந்த மாசி மாதத்திலே, ஒவ்வொரு சைடிங்கிலும் நெல் மூட்டைகள் மலைபோல் குவிந்து, கூட்ஸ் பெட்டிகளுக்காகக் காத்திருக்கும். அப்பொழுது மிக்ஸட் வண்டியின் வரிசை நீண்டு, நேரம் இன்னும் தாமதிக்கும். ஒன்றரை மணியோ இரண்டு மணியோ ஆயிற்றே என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதாக நினைவில்லை. எங்கள் நெல்தானே அந்தப் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தது!

வண்டி தரங்கம்பாடியை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறு கோடியில் மாட்டுவார்கள். திரும்புகாலில் கரித்தொட்டி முன்னும் எஞ்சின் பின்னுமாக ஓடும். டாட்டா தொழிற்சாலை ஜாம்ஷெட்பூரில் செய்த ஒய்.பி. ரக எஞ்சின், காற்றை எதிர்த்துப் பின்னோக்கி வருகையில், கரித்தூள் டிரைவரின் கண்ணில் விழாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். எட்மண்ட்ஸன் என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்படுத்திய கெட்டி அட்டை டிக்கெட், நம் கிளைப்பாதைகளிலே கடைசி வரையில் நிலைத்திருந்தது. மாஸ்டர் மர அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவி, தேதி அச்சுப் பொறியின் வாயில் ஒரு தரம் செருகி எடுத்துக் கொடுப்பார். அப்போது எழும் 'டக்' என்ற சப்தம், பிரயாணம் உறுதிப்பட்டுவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

இத்தகைய கிளைகளுக்கு முதல் இடி இரண்டாவது உலக யுத்தத்தின்போது விழுந்தது. தண்டவாளத்துக்குப் பஞ்சம் வந்தபோது, எங்கோ இருக்கிற போர்க்களங்களுக்கு அனுப்புவதற்காக, நம் ஊர்க் கிளைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், பஞ்ச நிவாரணத்தை உத்தேசித்துப் போடப்பட்டிருந்த சிறு ரயில் பாதைகள் 1940-களின் தொடக்கத்தில் போயின; அவை திரும்பி வரவேயில்லை. மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதையும், மலையாளத்தில் ஷொரனூர்–நிலம்பூர்ப் பாதையும் யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து மறுபடி போடப்பட்டன.

இரண்டாவது இடி மெதுவாக வந்தது. நல்ல சாலைகள் ஏற்பட்டன, பாலங்கள் ஏற்பட்டன, லாரி வயலோரம் வரையில் வந்து நெல்லை ஏற்றிக்கொண்டது. பஸ் அரை மணிக்கொரு தரம் வந்து வாசலில் நின்றது. ரயில்வே நிர்வாகமும் ஒரு பெட்டி, இரண்டு பெட்டிச் சரக்கைத் தொந்தரவாகக் கருதத் தொடங்கி, முழு வண்டி நிறையச் சரக்கு கொடுப்பவர்களையே விரும்பிற்று. மிக்ஸட் வண்டியின் கூட்ஸ் பெட்டிகள் முதலில் குறைந்தன. பிறகு அவை அறவே நின்று, அது வெறும் பாசஞ்சர் ஆயிற்று. அப்புறம் கணக்குப் பார்த்தார்கள். 1969-ல் லாபமில்லாத கிளைப்பாதைகளை ஆராய்வதற்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. 1970-களின் நடுவில் மன்னார்குடிக் கிளையும், 1980-களில் தரங்கம்பாடி, காரைக்கால் கிளைகளும் நின்றன. 2004-ல் அகஸ்தியம்பள்ளியும் நின்றது.

அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. செம்பனார்கோயிலில் ஏறின ஒரு நெல் மூட்டை சென்னைக்குப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். அது பிரயாணம் செய்கிற ஏறக்குறைய 290 கிலோமீட்டரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கிளைப்பாதையைச் சேர்ந்தது. தூரத்தைக் கொண்டு வருமானத்தைப் பங்கிட்டால், பெரும்பங்கு பிரதானப் பாதையின் பேரேட்டில் வரவாகும். ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கேட்மேன், தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் ஆகியோர் சம்பளமோ முழுவதும் கிளையின் தலையில் செலவாக எழுதப்படும். வாய்க்கால் நஷ்டம், ஆறு லாபம் என்று எழுதுகிற கணக்கு இது. வாய்க்காலைத் தூர்த்த பிறகு அந்த மூட்டை பிரதானப் பாதைக்கும் வரவில்லை. லாரியிலேயே சென்னை வரைக்கும் போய்விட்டது. குடியானவர்கள் ஸெஸ் கொடுத்துப் பிரதேசத்துக்கு உண்டாக்கிய சௌகரியத்தை, ஒரு பத்தியிலுள்ள எண்ணைப் பார்த்து எடுத்துவிடுவது நியாயமல்ல என்பது என் திடமான அபிப்பிராயம்.

மிக்ஸட் வண்டியைக் கைவிட்ட இடங்களில் வேறு தேசத்தார் செய்த ஒரு காரியம் நம் கவனத்துக்கு உரியது. எஞ்சினையும் பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்து, ஒற்றை டிரைவர் ஓட்டக்கூடிய ரயில் கார்களைக் கிளைப்பாதையில் விட்டார்கள். அண்டையிலுள்ள இலங்கையில், கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியாகப் போன குறுகிய பாதையில் 1920-களின் கடைசியிலேயே நீராவியால் இயங்கும் ரயில் கார்கள் ஓடின. அயர்லாந்தின் வடமேற்கே டோனிகால் என்ற ஏழைப் பிரதேசத்துச் சிறு ரயில்வே, 1931-ல் டீசல் ரயில் காரை ஓடவிட்டு, அதன் பின்னாலேயே ஒன்றிரண்டு சரக்குப் பெட்டிகளையும் கோத்து, கிராமத்துக் குறுக்குச் சாலைகளில் எல்லாம் நிறுத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டு, 1959-ன் கடைசி நாள் வரையில் காலம் தள்ளிற்று. நம் தேசத்திலும் பிற்காலத்தில் ரயில் பஸ் என்ற பெயரில் இந்த யுக்தி பரீட்சிக்கப்பட்டது. பங்காருப்பேட்டைக்கும் கோலாருக்கும் இடையிலும், மதுராவுக்கும் விருந்தாவனத்துக்கும் இடையிலும் ஒற்றைப் பெட்டி வண்டிகள் ஓடின. பொறையாற்றுக்கும் திருக்கடையூருக்கும் அப்படி ஒன்று தகுந்த காலத்தில் வந்திருக்குமானால், அந்தத் தண்டவாளம் இன்றும் அங்கேயே கிடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜனங்கள் விடாமல் கேட்டதன் பலனாகச் சில கிளைகள் அகலப்பாதையாகத் திரும்பி வந்திருக்கின்றன. மன்னார்குடிக்கு 2011-ல் ரயில் வந்தது. அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் வந்தது. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கும் மறுபடி தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பழைய ஜில்லா போர்டுப் பாதையில் திருவாரூர்–காரைக்குடி வண்டி 2019-ல் விடப்பட்டபோது, வழியிலிருந்த ஏராளமான கேட்டுகளுக்குக் கேட்மேன்கள் இல்லாதபடியால், வண்டியிலேயே இருவர் பிரயாணம் செய்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்து நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பத்திரிகைகள் அதை வேடிக்கையாக எழுதின. ஆனால் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் பிளாட்பாரத்தில் மாலையோடு வந்து நின்ற கூட்டம், ஏழாண்டுக் காலம் ரயில் இல்லாதிருந்த ஊர்களின் கூட்டம்; அவர்களுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

தரங்கம்பாடி மட்டும் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கோரிக்கையோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க விரும்புகிறேன். திரும்பி வந்த வண்டிகள் எல்லாம் ஆட்களை மாத்திரமே ஏற்றுகின்றன. வேதாரண்யத்து முல்லைப்பூக் கூடையும், கடலோரத்துக் கருவாடும், ஆக்கூர் வாழை இலையும் இப்போது பஸ்ஸின் மேலும் வேனின் உள்ளும் அதிகக் கூலி கொடுத்துப் போகின்றன. கூடையோடு வருகிற பெண்மணி ரயிலின் நெரிசலிலே மற்றப் பிரயாணிகளின் முகச்சுளிப்புக்கு ஆளாகி, பெரும்பாலும் வருவதையே நிறுத்திவிட்டாள். இந்தக் கிளைகளில் காலையிலும் மாலையிலும் ஓடுகிற ஒவ்வொரு வண்டியிலும் பாதிப் பெட்டியைச் சாமானுக்கென்று ஒதுக்கி, ஸ்டேஷனில் இரண்டு நிமிஷம் அதிகமாக நிறுத்தினால், மிக்ஸட் வண்டியின் உபயோகத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். புதிய பெட்டிகூட வேண்டியதில்லை. இருக்கிற பெட்டியின் ஒரு கோடியில் நாலு பெஞ்சுகளைக் கழற்றி, கதவைக் கூடை நுழைகிற அளவுக்கு அகலப்படுத்தினால் போதும்.